ஆயிருச்சுன்னு வச்சுக்கங்க

"கல்யாணம் ஆயிருச்சாண்ணே?" என்று கேட்டேன். டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிற மிகச் சாதாரணமான கேள்வி. ஆமாம் என்றால் ஒரு கட்டத்தில் டிக், இல்லை என்றால் பக்கத்துக் கட்டத்தில் டிக். மூன்றாவதாக ஒரு கட்டம் எந்த நாட்டு ஃபாரத்திலும் கிடையாது.

"ஆயிருச்சுன்னு வச்சுக்கங்க" என்றார்.

என் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கட்டத்தை விட்டுவிட்டு மேலே போனேன்.

"ஊரு?"

"ராமநாதபுரம்னு வச்சுக்கங்க."

"வச்சுக்கிறதுன்னா? ராமநாதபுரமா, இல்லையா?"

"முதுகுளத்தூர் தாண்டி உள்ள போகணும் தம்பி. பேரச் சொன்னா, அது எங்க இருக்குன்னு கேப்பீங்க. எதுக்கு வம்பு?"

"பிறந்த தேதி?"

"பாஸ்போர்ட்ல உள்ளதையே வச்சுக்கங்க. அது எங்க ஹெட்மாஸ்டர் வச்சது."

"வேலை?"

"ஏசி மெக்கானிக். விசாவுல டெய்லர். டெய்லர்னே வச்சுக்கங்க."

சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்த டெய்லரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. என் விசாவில் என் தொழில் கொத்தனார். செங்கல்லை நான் சினிமாவில் பார்த்ததோடு சரி. ஷார்ஜாவில், ரோலா பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில், மொபைல் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே இருந்த அந்த டைப்பிங் சென்டரில் நான் ஊராருடைய விசா தாள்களையெல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பாதி அரபியில் இருக்கும். நான் அடித்தது எனக்குப் புரியாது. படித்தவர்களுக்குப் புரிந்ததா என்றும் நான் விசாரித்ததில்லை.

அவரைப் பற்றி யாராவது இன்று கேட்டால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய உள்ளங்கை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சலாம் சொல்வதற்கு முன் ஏசிக்கு நேராகக் கையை நீட்டுவார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கும். பிறகுதான் ஆளைப் பார்ப்பார்.

"கேஸ் கம்மியா இருக்குன்னு வச்சுக்கங்க."

"இருக்கா, இல்லையா?" என்பார் எங்கள் முதலாளி. கீழக்கரைக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்கிற அர்த்தத்தில், நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்போம்.

"திறந்து பாத்தாத்தான் தெரியும் காக்கா."

"அப்ப திறந்து பாத்துட்டுச் சொல்லுப்பா. அதுக்குள்ள என்னத்துக்கு வச்சுக்கிறது?"

பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்கு வாத்தியார் 'ஏ பி சி ஒரு முக்கோணம் என்க' என்று ஆரம்பிப்பார். அது முக்கோணமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டே நான் கணக்கில் தோற்றவன். இந்த ஏசி மெக்கானிக்குடன் பேசும்போதெல்லாம் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அவர் தங்கியிருந்த அறை தொழில்பேட்டையில். அங்கே அவரைப் பற்றி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுக்கு அவரேதான் காரணம். ஒருத்தன் அவரிடம், "அண்ணே, அந்தத் தாய்லாந்துப் பொண்ணு உங்க சம்சாரமா?" என்று கேட்டிருக்கிறான். இவர் வழக்கப்படி, "சம்சாரம்னு வச்சுக்கயேன்" என்றிருக்கிறார். வார்த்தை வாயிலிருந்து புறப்பட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் 'வச்சிருக்காராம்' என்று ஆகிவிட்டது. தமிழில் இந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் புழங்க வேண்டும். காக்காவின் காதுக்கும் எட்டியது.

"ஏம்ப்பா," என்று என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இவரு கட்டிக்கிட்டாரா, வச்சுக்கிட்டாரா?"

"தெரியல காக்கா. நானே கட்டத்துல டிக் போடாம வச்சிருக்கேன்."

"நீயும் வச்சிருக்கியா?"

கட்டிக்கொண்டிருந்தார். முறைப்படி, கையெழுத்துப் போட்டு. அந்தக் கதையை அவரிடமிருந்து வாங்க எனக்கு நாலைந்து டீ செலவானது.

நாஹ்தா பக்கம் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் அடுக்களை ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினவருக்குக் கீழேயிருந்து ஒரு வாசனை. கருவாடு. நம் ஊரில் கூனி என்கிறோமே, அந்தக் குட்டி இறால் காய்ந்த வாசனை. ஷார்ஜாவில் பேச்சுலர் அறையில் கருவாடு வறுத்தால் அன்றைக்கே பெட்டியோடு வெளியே நிற்க வேண்டும். பல வருஷமாக அந்த வாசனைக்கு ஏங்கிக் கிடந்த மனிதர் ஏணியிலேயே நின்றுவிட்டார். கீழே ஒரு பெண் உரலில் பப்பாளிக்காயையும் கூனியையும் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். இவர் ஸ்க்ரூவைத் தவறவிட்டார். அது நேராக உரலில் விழுந்தது.

"திட்டினாங்களா?" என்றேன்.

"திட்டுனதாத்தான் வச்சுக்கணும். பாஷை தெரியாதுல்ல. ஸ்க்ரூவ எடுத்துக் கழுவிக் குடுத்துச்சு. கூடவே ஒரு தட்டுல அந்தப் பப்பாளிக்காயவும் வச்சுக் குடுத்துச்சு."

"பேரு?"

"குங்."

"அப்படின்னா?"

"இறால்."

"பேரே இறாலா?"

"அவங்க ஊர்ல அப்படித்தான் தம்பி. வீட்டுல கூப்பிட ஒரு சின்னப் பேரு. பாஸ்போர்ட்ல ஒரு பெரிய பேரு. அது எனக்கே முழுசா வாயில நுழையாது. இறால்னே வச்சுக்கங்க."

அந்த வருஷ விடுமுறையில் பாதியை ஊரில் கழித்தார். மீதிப் பாதிக்குக் குங்கின் ஊருக்குப் போய் அங்குள்ள வட்டார அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு வந்தார். அதற்கு முன்னால் பாங்காக்கில் நம் தூதரகத்தில், தான் இதுவரை கல்யாணமாகாதவன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அங்கே அவர் 'ஆகலைன்னு வச்சுக்கங்க' என்று சொல்லாமல் எப்படித் தப்பித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் கடைக்கு அவர் வந்த நேரத்தில் குங் மாசமாக இருந்தாள். கடை வேலையை விட்டுவிட்டுத் தன் அம்மாவிடம் போய்விட்டாள். பிரசவத்துக்குள் இவரும் அங்கே போய்ச் சேர வேண்டும். போய் அங்கேயே தங்கிவிட வேண்டும். தாய்லாந்துக்காரரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு என்று ஒரு நெடுநாள் விசா உண்டு. முதலில் மூன்று மாதம் கொடுப்பார்கள், பிறகு அங்கே போய் வருஷத்துக்கு வருஷம் நீட்டித்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் அவர் கேட்டு வந்திருந்தார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் குறுக்கு வழி தெரியும் என்று ஒரு நினைப்பு உண்டு.

"எதுக்குண்ணே இவ்வளவு பேப்பர்? நம்ம பாஸ்போர்ட்டுக்கு டூரிஸ்டா போனா விசாவே வேண்டாங்கறாங்க. டூரிஸ்ட்னு வச்சுக்கங்க. போங்க, பிள்ளையப் பாருங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

அவருடைய வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்த பெருமையில் நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். அவர் சிரிக்கவில்லை.

"அத மட்டும் வச்சுக்க முடியாது தம்பி."

"ஏன்?"

"இங்க வந்தப்ப விசாவுல ஆடு மேய்க்கிறவன்னு போட்டிருந்தாங்க. சரின்னேன். அப்புறம் டெய்லர். அதுக்கும் சரின்னேன். பொறந்த நாளு ஹெட்மாஸ்டரு போட்டது. எல்லாத்துக்கும் வச்சுக்கங்க, வச்சுக்கங்கன்னே ஓட்டியாச்சு. அங்க போறப்ப என்னன்னு கேட்டா புருஷன்னு இருக்கணும். சுத்திப் பாக்க வந்தவன்னு சொல்லிட்டா பிரசவ வார்டுல போயி நிக்கறது?"

நான் சுற்றிய நாற்காலி நின்றுவிட்டது. காலியாக விட்டிருந்த கட்டத்தில் டிக் போட்டேன்.

கடையில் காக்காவுக்காக ஒரு வெள்ளைப் பலகை உண்டு. யாருடைய வேலை எதுவரை வந்திருக்கிறது என்று தமிழில் அதில் எழுதி வைப்பேன். அன்று சாயங்காலம் காக்கா பலகையின் முன் நின்று அலறினார்.

"அடப் பாவி! என்னடா எழுதி வச்சிருக்கே? மனைவி, கோடு, தாய்?"

"தாய்லாந்து காக்கா. இடம் பத்தல."

"இடம் பத்தலன்னா ஒருத்தன் பொண்டாட்டிய உம்மாவா ஆக்கிப்புடுவியா? அழிடா அத!"

அழித்தேன். ஆனால் வாயை வைத்துவிட்டார் காக்கா.

விண்ணப்பத்தில் தொலைபேசி எண்ணாக எங்கள் கடை எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலையில் தாய்லாந்துத் தூதரகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். மெல்லிய, மிக மரியாதையான குரல். விண்ணப்பதாரரிடம் ஒன்றிரண்டு விளக்கம் கேட்க வேண்டும், அவருக்கு ஆங்கிலம் வருமா என்றார். நான் இருக்கிறேன் என்றேன். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை வேறு யாருக்கும் இருந்ததில்லை. நம்மவரும் நல்லவேளையாக அப்போது எங்கள் கடையில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே இறக்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மிஸ்டர் கருப்பையா யார் என்று கேட்கிறார்கள்."

"எங்கப்பா" என்றார்.

அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் கருப்பையா என்று இருக்கிறது. நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரை முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட்காரர்கள் கேட்டால் அந்த எழுத்தை விரித்துக் கொடுத்துவிடுகிறோம். கல்யாணத்தைப் பதிவு செய்தபோது குங் புருஷனுடைய குடும்பப் பெயரை எடுத்துக்கொள்கிறேன் என்று ஆசையாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆக, இப்போது அவள் அடையாள அட்டையில் திருமதி கருப்பையா. இங்கே இவருடைய தாள்களில் தகப்பனார் பெயர் என்ற இடத்திலும் கருப்பையா.

"உங்கள் மனைவி என்று எழுதியிருப்பவர் திருமதி கருப்பையாவா என்கிறார்கள்."

"ஆமா."

"கருப்பையா உங்கள் அப்பா."

"ஆமா."

"அப்படியானால் அவர் கருப்பையாவின் மனைவியா?"

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்ளேயே யாருக்கு யார் என்ன உறவு என்று எனக்குக் குழம்பிவிட்டது. அவருக்கும் குழம்பிவிட்டது. நெற்றியைச் சுருக்கி ஏசியைப் பார்த்தார். குழம்பினால் அவர் வாயில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்படின்னு வச்சுக்கங்க."

நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன்: "ப்ளீஸ் கீப் இட், மேடம்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எதை வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டது மெல்லிய குரல்.

"தி வைஃப், மேடம்" என்றேன்.

காக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் கோபப்படவே இல்லை. பெயர் விவகாரத்துக்கு ஒரு விளக்கக் கடிதமும், இருவரும் சேர்ந்திருக்கிற படங்களும் அனுப்புங்கள், மறுபடியும் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"அன்னைக்குப் பலகைல எழுதுனே. இன்னைக்கு எம்பசிலயே சொல்லிட்டே" என்றார் காக்கா. "இப்ப அவரு பொண்டாட்டி அவருக்கு உம்மாதான்."

நம்மவர் ஏணியில் ஏறி மூடியை மாட்டினார். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது, "பிரசவத்துக்கு நாள் நெருங்கிருச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

விளக்கக் கடிதத்தை நான் நாலு தடவை எழுதினேன். எங்கள் பக்கம் மனிதர்கள் அப்பாவைத் தங்கள் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டு திரிவார்கள், ஆனால் அப்பாவின் மனைவியைக் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்பதை மரியாதையான ஆங்கிலத்தில் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. படங்களில் வேறு ஒரு சிக்கல். கல்யாணப் பதிவின்போது எடுத்த படத்தில் குங் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். இவர் சுவரில் இருந்த ஏசியைப் பார்க்கிறார். அடுத்த படத்திலும் ஏசி. அதற்கடுத்ததிலும். கடைசியில் ஒரே ஒரு படம் தேறியது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவள் இவர் தட்டில் பப்பாளிக்காயை வைக்கிறாள். இவர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் ஏசி இல்லையாம்.

மறுபடி அழைப்பு வருவதற்குள் காக்கா அவருக்குப் பயிற்சி கொடுத்தார்.

"உம் பொண்டாட்டியா?"

"பொண்டாட்டின்னு..."

"ஆங்?"

"பொண்டாட்டி."

"யாரு பொண்டாட்டி?"

"எம் பொண்டாட்டி."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு... ன்னு..."

"ன்னு வேண்டாம்! ஆயிருச்சு, கலாஸ், முடிஞ்சுது!"

அந்தப் பெண் மறுபடி பேசியபோது கடைக்கு வேலையாக வந்தவர்களைக் கூடக் காக்கா வெளியே நிறுத்திவிட்டார். கடிதம் கிடைத்தது, புரிந்தது என்றார் அவர். கடைசியாக ஒரு கேள்வி. வீட்டில் மனைவியை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?

நான் கேட்டேன். நம்மவர் உடனே, எங்களுடைய எந்தப் பயிற்சிக்கும் கட்டுப்படாமல் சொன்னார்:

"ம்மான்னு கூப்பிடுவேன்."

காக்கா மறுபடி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நம் ஊரில் பாதிப் புருஷன்மார் பெண்டாட்டியை 'ஏம்மா', 'வாம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் அவள் இவருக்கு அம்மா இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் நிரூபித்த பிறகு இதை நான் எப்படி மொழிபெயர்ப்பேன்? வாயைத் திறந்தேன். என் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது.

"மா?" என்றது மெல்லிய குரல். நேராக அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டுவிட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். எங்கள் பாஷையில் மா என்றால் வா என்று அர்த்தம் என்றார் அவர். குரலை உயர்த்திச் சொன்னால் குதிரை, வளைத்துச் சொன்னால் நாய், ஜாக்கிரதையாகக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றார். "கூப்பிட்டால் வருவாரா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

இதை மொழிபெயர்த்தேன். நம்மவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும் என்பது போலச் சொன்னார்:

"இப்ப கூப்பிட்டா வர்ற நிலைமையில அது இல்லைங்க. நான்தான் போகணும்."

அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். விசா வந்துவிட்டது.

கிளம்புகிற அன்று கடைக்கு வந்தார். சலாமுக்கு முன் உள்ளங்கையை நீட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே ஏணியைப் போட்டு ஏறி, ஏசியைத் திறந்து, ஃபில்டரைத் தட்டிக் கழுவி மாட்டினார்.

"சரியாயிருச்சா?" என்றார் காக்கா.

"சரியாயிருச்சுன்னு வச்சுக்கங்க."

அந்த ஏசி இன்றும் ஒரு நாள் குளிர்கிறது, ஒரு நாள் இல்லை.

வெகுநாளைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வாட்ஸப்பில் கூப்பிட்டார். பின்னணியில் சேவல் கூவியது. யாரோ உரலில் இடிக்கிற சத்தம்.

"விசாவ நீட்டிச்சுட்டாங்களாண்ணே?"

"நீட்டிச்சுட்டாங்கன்னு வச்சுக்கங்க."

நீட்டித்தார்களா, மனு கொடுத்துக் காத்திருக்கிறாரா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. சரி, அடுத்ததைக் கேட்போம் என்று, "என்ன பிள்ளை?" என்றேன்.

"பொண்ணு."

நான் காத்திருந்தேன். வாலைக் காணோம்.

"பொண்ணுன்னு...?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"பொண்ணு, தம்பி" என்றார் சற்றுக் கோபமாக.

காக்காவிடம் கையை ஆட்டிச் சேதியைச் சொன்னேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

"பேரு வச்சாச்சா?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க ஃபாரம் நிரப்புற ஆளு. கூப்பிடற பேர குங்கோட அம்மா வச்சிருச்சு. கடைசியில கருப்பையான்னு போடணும்ங்கறாங்க இங்க. எங்கப்பா பேரு. அவரு போயிச் சேந்து எம்புட்டு நாளாச்சு, அவருக்கு எதுக்குப் பொம்பளப் பிள்ளை? எம் பிள்ளை தம்பி. அங்க எம் பேரப் போட முடியாதா?"

நியாயம்தான். நம் வழக்கத்தில் அப்படித்தான் வரும். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா ஒரு கருப்பையா, அம்மா ஒரு கருப்பையா, மகள் மட்டும் வேறொருத்தர் பெயரில் என்றால் அடுத்த நீட்டிப்புக்குப் போகும்போது மறுபடி யாராவது ஒரு மெல்லிய குரல் கேள்வி கேட்கும். மறுபடி விளக்கக் கடிதம். மறுபடி நான்.

"குழம்பிரும்ணே" என்றேன். "அவங்க கேட்டா உங்களால விளக்க முடியாது. என்னாலயும் முடியாது."

உரல் சத்தம் நின்றது. குழந்தை அழுதது. அவர் யாரையோ 'ம்மா' என்று கூப்பிட்டார். குதிரையா நாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் யாரோ வரும் காலடிச் சத்தம் கேட்டது. அழுகை அவர் கைக்கு மாறியது போலப் பக்கத்தில் வந்தது.

"சரி தம்பி" என்றார். "பேப்பர்ல எங்கப்பாவே இருக்கட்டும். பிள்ளைய நான் வச்சுக்கிறேன்."